அரைத்து வைத்த யோசனை

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எனக்கு ஒரு காப்பிப் பொடிக் கடை இருந்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது பொறுக்காமல் என் மச்சினன், "ஒரு பிசினஸ் கன்சல்டன்ட்டப் பாருங்க மாமா" என்று ஆரம்பித்தான்.

இரண்டு பேரைப் போய்ப் பார்த்தோம். மேற்கு மாம்பலத்துக்காரர் பல வருடம் மளிகைக் கடை நடத்தியவர். பாவம், லுங்கியோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். அடையாறுக்காரர் எந்தக் கடையும் நடத்தியதில்லை. ஆனால் டை கட்டியிருந்தார். கத்திரி வெயிலில் டை கட்டுகிற மனிதருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? அவரையே பிடித்துக்கொண்டோம்.

அவர் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, ஆட்கள் ஏன் மெஷின் முன்னால் காத்துக்கிடக்கிறார்கள் என்று கேட்டார். கண்ணெதிரே கொட்டையை அரைத்துக் கொடுத்தால்தான் வாங்குவார்கள் என்றேன்.

"டைம் வேஸ்ட் சார். காலையிலயே அரைச்சு பாக்கெட் போட்டு வெச்சிடுங்க."

போட்டு வைத்தேன். மயிலாப்பூரே வந்து பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது எப்ப அரைச்சது?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெருக் கடைக்கு நடையைக் கட்டியது.

மாதக் கடைசியில் அவரே வந்தார். என் முன்னேற்றத்தைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, வீட்டுக்கு அரைக் கிலோ பொடி வேண்டுமாம். ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் சார். எதிர்லயே அரைச்சுக் கொடுங்க."

அவர் எனக்குச் சொன்னதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அதற்கு மட்டும் ஃபீஸ் கேட்கவில்லை.