டி.வி.யில் ஓடிய லாரி

முத்திருளன் கட்டிய லாரி பாடியில் குறை கண்டுபிடித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். அடுத்தவன் பட்டறையில் ஆணி பொறுக்க ஆரம்பித்து, பழங்காநத்தத்தில் சொந்தப் பட்டறை போட்டு, நானூறு வண்டிக்கு மேல் பாடி கட்டி ரோட்டில் விட்டவர். “எனக்கு எந்த வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு?” என்று கேட்காமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை.

கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. மனைவி சீனியம்மாள் போய் மூன்று வருஷம். ஒரே மகன் நல்லகாமன் துபாயில் வேலை. மாசம் ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்புவான். அதைப் போட்டால் அரை மணி நேரம் வீட்டில் மனுசக் குரல் கேட்கும். “அப்பா, சாப்டீங்களா?” என்று அவன் கேட்கிற இடத்தில் டேப் ரெக்கார்டரைப் பார்த்து, “ஆச்சுய்யா” என்பார்.

எண்பத்தாறில், பொங்கல் கழிந்த வாரம், துபாயிலிருந்து லீவில் வந்த சமயநல்லூர்க்காரர் ஒருவர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். டைப்ரைட்டர் மாதிரி எழுத்துப் பதித்த கறுப்புப் பலகை, வயர்கள், ஒரு இங்கிலீஷ் புத்தகம், ஒரு கேசட். மற்றதையெல்லாம் முத்திருளன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேசட்டைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

‘கீ’ என்று நீளமாக ஒரு கூச்சல். அப்புறம் தகரத்தை அரத்தால் ராவுகிற சத்தம். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பெட்டியோடு தெற்குவாசல் போய், ரேடியோ மெக்கானிக் ஜனகராஜ் முன்னால் இறக்கினார். “மகன் குரல் கெட்டுப் போச்சு. சரி பண்ணிக் குடு.”

ஜனகராஜ் ரெண்டு நொடி கேட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணே, இது பேசுற கேசட் இல்ல. இந்தா இருக்கே பலகை, இதுதான் கம்ப்யூட்டர். டி.வி.யில மாட்டி, இந்தக் கூச்சல உள்ள விட்டா அதுக்குப் புரியும். கடுதாசி ஒண்ணும் வைக்கலையா?”

புத்தகத்துக்குள் இருந்தது. முத்திருளன் எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘அப்பா, உங்களுக்காக நானே ஒரு புரோகிராம் எழுதி இதில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இது வராது, தொட வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் லீவில் வந்து ஓட்டிக் காட்டுகிறேன்.’

மகன் வருகிறான் என்பதில் நெஞ்சு குளிர்ந்தது. ‘வராது’ என்ற வார்த்தை முள்ளாகக் குத்தியது.

“எனக்கு வராதாமுல்ல!”

“டி.வி.யில புள்ளி விழுந்தாலே ஆள் அனுப்புற ஆளு நீங்க. தம்பி சரியாத்தான எழுதியிருக்கு?”

“யோவ், எந்த வயரு எங்கன்னு மட்டும் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்குறேன்.”

ஜனகராஜ் காட்டினார். எந்தக் கட்டையை அமுக்கினால் LOAD என்று திரையில் விழும் என்றும் காட்டினார். இங்கிலீஷ் எழுத்துகளை முத்திருளன் லாரிப் பலகைகளில் எழுதி எழுதியே படித்தவர். ஆனால் கேசட் சத்தம் கூடினாலும் உள்ளே போகாது, குறைந்தாலும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மெஸ் சாப்பாட்டை முடித்துவிட்டு, மகன் போன தடவை கொண்டுவந்த கலர் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். ட்யூனரைத் திருகத் திருக, புள்ளிகள் போய் வெள்ளைத் திரை வந்தது. கேசட்டை ஓட விட்டார். திரை ஓரத்தில் கலர் கோடுகள் ஓடின. நாலு நிமிஷம் கழித்து நின்று, இங்கிலீஷில் ஒரு வரி. தப்பு என்று அர்த்தம். மறுபடி ஓட்டினார். மறுபடி தப்பு. அந்த ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது.

மூன்றாவது ஞாயிறு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லுகிறவர் அல்லவா! பிசிறில்லாமல் சத்தம் சீராக வந்த இடத்தில் வால்யூமை நிறுத்தினார். நாலு நிமிஷம். கூச்சல் நின்றது.

திரையில் கோடுகளால் போட்ட லாரி ஒன்று. சக்கரங்கள் சுற்றச் சுற்ற, இடமிருந்து வலமாக மெதுவாக ஓடியது. அதன் பக்கவாட்டுப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து வாசித்தார். சீனியம்மாள்.

“ஏ, இங்க வந்து பாரு!” என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டார். லாரி திரையின் ஓரம் போய் மறைந்தது.

அன்றைக்கே பழைய கேசட் ஒன்றை எடுத்து மகனுக்குப் பேசினார். “எனக்கா வராது? மூணே ஞாயித்துக்கெழம! ஒருத்தன் ஒத்தாச இல்ல! ஆத்தா பேரப் போட்டு லாரி ஓடுது. வரும்போது புதுசு இருந்தாக் கொண்டா. இது சின்னப்புள்ள வேல!”

பங்குனியில் பதில் வந்தது. மகன் குரல் சிரித்தது. “அப்பா, நீங்க பெரிய ஆளுப்பா. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நான்தான் வந்து சொல்லித் தரணும்னு நெனச்சேன். இப்ப அந்தக் கவல விட்டுச்சு. அதனால சித்திரைக்கு வரல. லீவச் சேத்துக்கிட்டு அடுத்த வருசம் வாரேன். சாப்டீங்களா?”

இந்தத் தடவை முத்திருளன் ‘ஆச்சுய்யா’ சொல்லாமல் டேப்பை நிறுத்தினார்.

ஜனகராஜ் பார்க்க வந்தபோது முத்திருளன், “வேலன்னா வேலதானய்யா” என்றார். “இதுக்குன்னு அங்கருந்து ஓடி வரணுமாக்கும்?” ஜனகராஜ் தலையாட்டி, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு லாரியைத் திரையில் ஓட விட்டுவிட்டு, அதன் எதிரே வெகுநேரம் இருந்தார். ஓரம் போய் மறைந்தால் கட்டையை அமுக்குவார். மறுபடி இந்தப் பக்கமிருந்து வரும். பிறகு டேப் ரெக்கார்டரை அண்டையில் இழுத்து, பதிகிற பொத்தானை அமுக்கினார்.

“நல்லகாமா, அப்பா பேசுறேன். அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். உன் லாரியில ஒரு கோளாறு இருக்கு. பின்சக்கரம் சுத்த மாட்டேங்குது. ஜனகராஜுக்கும் புடிபடல, எனக்கும்…” நிறுத்தினார். பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை அது. “எனக்கும் வரல. கேசட்டுல சொன்னா வெளங்காதுய்யா. நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்.”

பதிவை நிறுத்தினார். எதிரே சீனியம்மாள் லாரி எல்லாச் சக்கரமும் சுற்ற, ஒரு குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.