அந்தக் கை பதறவில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், சிலது மறந்தும் போச்சு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். இதை நேரில் சொல்லச் சொன்னால் மாட்டேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே லயத்தில்தான் எங்கள் குடித்தனம். ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளை லயம் என்போம். நான் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவள். மகனுக்கு எஸ்டேட்டில் வேலை. மருமகளுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. ஏலக்காய் எடுக்கிற காலத்தில் காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவாள், சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவாள். லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அப்படிப் போவார்கள்.

ஜீப் ஓட்டினவன் எங்கள் அடுத்த வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் இருமினால் எங்களுக்குக் கேட்கும். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவான். பீடி கூடக் கிடையாது, அவ்வளவு ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன் வரிசை. "கண்டவன் வண்டியில ஏறாத. இவன் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஏறு" என்று மருமகளிடம் நானேதான் சொன்னேன். சில நாள் விடியக்காலம் அவர்கள் வீட்டில் பாத்திரம் உருளும். பூனை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன்.

அன்றைக்கு மழையும் இல்லை, பனியும் இல்லை. நல்ல வெயில் அடித்த காலை. எங்கள் மலையில் அப்படி ஒரு நாள் கிடைத்தால் துணியெல்லாம் எடுத்துக் காயப்போடுவோம். நானும் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆள் ஓடி வந்தது. ஒரு வளைவில் ஜீப் திரும்பவே இல்லையாம். நேரே ஏலக்காட்டுக்குள் இறங்கி மரத்தில் மோதிவிட்டது. என் மருமகளும் இன்னொரு பெண்ணும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. டிரைவருக்குக் கால் முறிந்து தலையிலும் அடி.

காலையில் நான் கட்டிக்கொடுத்த புளிச்சோறு, தூக்குவாளி மூடி திறக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தின வாரம்தான் அந்த ஜீப்புக்கு பிரேக் வேலை பார்த்திருந்தது. பார்த்தவர் கீழே ஜங்ஷனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. தினமும் வந்து போ என்றது. எங்கள் லயத்துப் பெண்கள் ஒரு நாள் திரண்டு போய் அவர் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். மண் தூற்றினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள் எங்கள் பக்கம். அந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அடுத்த நாளிலிருந்து கடை திறக்கவில்லை.

டிரைவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. பிரேக் போனால் அவன் என்ன செய்வான், பாவம். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவனைப் பார்க்கப் போனேன். மகன் கூட வந்தான். ஆனால் வார்டுக்குள் வர மனசில்லாமல் வெளியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர். நான்தான் தேற்றினேன். "விடு மக்கா, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றேன். அவன் பெண்சாதி டம்ளரில் கஞ்சியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் பேச்சு பாதியில் நின்றது. கண் ஒரு பக்கமாகப் போனது. உடம்பு விறைத்து, கையும் நல்ல காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கத்தக்கூட வாய் வரவில்லை.

அவள் கத்தவில்லை. டம்ளரை ஒரு சொட்டு சிந்தாமல் கீழே வைத்தாள். சேலை முந்தானையில் முடிந்திருந்த இரும்புச் சாவியை அவிழ்த்து, அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடித்துக்கொண்டாள். மற்ற கையால் நுரையைத் துடைத்தாள். சோறு வடிக்கிற கை மாதிரி நிதானமாக வேலை செய்தது அந்தக் கை. கொஞ்சமும் பதறவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விடியக்காலம் உருண்டது பூனை இல்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். சாவியைப் பிடுங்கி மேஜையில் போட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இதற்கு முன்னே வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். இப்பத்தான் மொத தடவ. தலையில அடிபட்டுச்சில்லா, அதுல வந்திருக்கும்" என்றாள் அவன் பெண்சாதி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் அசந்து தூங்கின பிறகு அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். எனக்கு யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமே கிடையாது. அன்றைக்குக் கேட்டேன்.

"ஏட்டி, இது எத்தன வருஷமா இருக்கு?"

 சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டாம். கல்யாணத்துக்கு முன்னே இவளிடமும் சொல்லவில்லை. மலைக்குக் கீழே ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து, வண்டி மட்டும் ஓட்டாதே என்று சொல்லி அனுப்பினார். லைசென்ஸ் எடுக்கும்போது கேட்டதற்கு வியாதி ஒன்றும் இல்லை என்றுவிட்டான். மாத்திரை சாப்பிட்டால் காலையில் தூக்கம் சொக்குகிறது என்று ஏலக்காய் சீசனில் மட்டும் நிறுத்திவிடுவானாம்.

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன பேரை ஏத்தவிட்ட?"

அதற்கு அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

"கையில இரும்பு இருந்தா வராதுல்லா பெரியம்மா. ஸ்டீயரிங்கு இரும்புதான. வண்டியில இருக்க நேரமெல்லாம் இரும்பத்தான புடிச்சுக்கிட்டு இருக்காக. மேல பிளாஸ்டிக் உறை இருக்குன்னு அதையும் உரிச்சுப் போட்டு, இரும்புக் கம்பியச் சுத்தி வச்சிருந்தாக. நடுரோட்டுல நடந்து போகும்போதுதான் எனக்குப் பயம். ஜீப்புல ஏறிட்டா பயமே கிடையாது."

பொய் சொல்லவில்லை அவள். அப்படித்தான் நம்பியிருந்தாள். நானும் சின்ன வயதில் அப்படிக் கேட்டவள்தான். எங்கள் லயத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைத்தான் தேடுவோம். சாவி கொடுத்த கொஞ்ச நேரத்தில் தானே நிற்கிறதை, சாவியால் நின்றது என்று சொல்லிக்கொள்வோம். அதை நம்பி ஒருத்தன் வண்டி நிறைய ஆட்களை ஏற்றி மலை ரோட்டில் ஓட்டுவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவன் விழித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ பிரேக்க மிதிச்சியா மக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"பிரேக்குதான் பெரியம்மா புடிக்கல."

"அது கிடக்கட்டும். நீ மிதிச்சியா?"

கூரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.  "தெரியல பெரியம்மா. டீக்கடையத் தாண்டினது தெரியும். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. கண்ண முழிச்சா ஆஸ்பத்திரி. எல்லாரும் பிரேக்கு பிரேக்குன்னாங்க. நானும் அதையே சொல்லிட்டேன்."

அதற்குள் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், இவர் ஜெயிலுக்குப் போனால் நானும் பொம்பளைப் பிள்ளையும் எங்கே போவோம் என்று அழுதாள். நான் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. கஞ்சிப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்திருந்த மகனிடம் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன்.  "நீ பாத்தத அப்படியே சொல்லும்மா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றான்.

லயத்தில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் தண்ணீர்ப் பைப்படியில் ஒரே பேச்சு. ஆட்களை வேலை வாங்கி ரிட்டையரான கங்காணி ஒருவர் சொன்னார்: "நோவு வாறது ஒரு குத்தமாவே? அப்படிப் பாத்தா கிழவன் கிழவி எல்லாத்தையும் புடிச்சு உள்ள போடச் சொல்லு. அங்கயாவது நேரத்துக்குச் சோறு கிடைக்கும்." சிலர் சிரித்தார்கள். "செத்தவ திரும்பியா வரப்போறா? இருக்கவன எதுக்குக் கொல்லணும்?" என்றது இன்னொரு குரல். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உயிரோடு இருக்கிற ஒரு குடும்பத்தை நான் போய் இடிப்பதா என்று குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செத்துப்போன இன்னொரு பெண்ணின் புருஷன் அங்கேதான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நோவு குத்தமில்ல. நோவுன்னு சொல்லாம என் பொண்டாட்டிய ஏத்துனான் பாரும், அது குத்தம். சொல்லியிருந்தா ஏறுறதா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணியிருப்பா. கீழ ஒருத்தன் தப்பே பண்ணாம கடையச் சாத்திட்டுக் கிடக்கானே, அவனுக்கு என்னவே பதில் சொல்லுவீரு?"

நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு மத்தியானமே மகனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை. மகன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஒரு பெண் போலீஸ், "அம்மச்சி, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே என்பதை அவர்கள் பாஷையில் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. சாவியை, டம்ளரை, ஸ்டீயரிங்கை எல்லாம் சொன்னேன். அது மலையாளத்தில் எழுதிக்கொண்டு, தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டியது. கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கேஸ் மாறியது. மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். ஜீப்பை மறுபடியும் பார்த்ததில் பிரேக்கில் கோளாறு இல்லையாம். டிரைவருடைய லைசென்ஸ் போய்விட்டது. கொஞ்ச நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. என்னையும் ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று மகன் சொல்கிறான்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து போவதற்கு முன்னே, விட்டுவந்த கஞ்சிப் பாத்திரத்தை எடுக்க நான் போன அன்றைக்கு, டாக்டர் என்னையும் வைத்துக்கொண்டுதான் பேசினார். இது ஒரு மூளை சம்பந்தப்பட்ட வியாதி, மறைக்கிற வியாதி இல்லை என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நிறையப் பேருக்கு வலிப்பு வராமலே இருக்குமாம். ஆனால் டாக்டர் சரி என்று சொல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம். அடிபடாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சீக்கிரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அவன் பெண்சாதி என்னோடு பேசுவதில்லை. இப்போது அவள்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள், வேறொருவன் ஜீப்பில். அவன் வீட்டோடு இருந்து ஆடு மேய்க்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். மற்ற டிரைவர்களுக்கு நான் ஒரு கேலி. "பாட்டிய முன்னால ஏத்தாதலே, ஒரு தும்மல் தும்மினாலும் ஸ்டேஷனுக்குப் போயிரும்" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். அப்படிக் கேலி செய்தவர்களில் ஒருத்தர், சாயங்காலம் ஆனால் எதிர் வண்டி வெளிச்சத்தில் தனக்குக் கண் தெரிவதில்லை என்று வண்டியைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படிப்பட்டவர்கள் மேல் கேஸ் போட வேண்டுமா என்று கேட்டால், போடத்தான் வேண்டும் என்பேன். சொல்லும்போது அடுத்த வீட்டில் அந்தப் பெண்பிள்ளை பாடம் படிக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கும், குரலைத் தாழ்த்திக்கொள்வேன். வியாதியைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தான். அப்படிச் சொல்கிறவனுக்கு வேறு ஒரு வேலை தர எங்கள் மலையில் யாரும் இல்லை என்பதும் நிஜம்தான். அவன் பயந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது என் மருமகள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது, டாக்டர் சொன்னதாகவும் கோர்ட் பற்றியும் நான் எழுதியிருப்பதைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்துங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைந்தது.