அக்கா வீட்டு டிவியில் பங்க் ராக் பாடகர்

எங்கள் மேடவாக்கம் தெருவில் அப்போது கேபிள் இருந்தது எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும்தான். நண்பனின் கேசட்டில் கேட்டு நான் மயங்கியிருந்த பங்க் ராக் பாடகரைப் பற்றி ஒரு ஆவணப்படம் போட்டார்கள். அது அக்காவின் சீரியல் நேரத்தையும் தாண்டி ஓடும் என்பதுதான் சிக்கல்.

"இன்னாடா இவன் தலை, கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி கீது?" என்றார் அக்கா. ரிமோட் அவர் மடியில் இருந்தது. "தமிழ்ல சொல்லிகினே வா. போரடிச்சா மாத்திடுவேன்."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஆனால் அந்த ஆளின் இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரிந்தது. புரிந்தவரை சொன்னேன். அவர் கிதாரைத் தரையில் அடித்து உடைத்ததும் அக்காவின் கை ரிமோட்டுக்குப் போனது.

நல்லவேளை, பாடகரின் அம்மா திரையில் வந்தார். நிதானமாகப் பேசினார்.

"வீட்டுல ஓயாம கத்துவானாம்க்கா. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா இவங்கதான் சமாளிப்பாங்களாம்."

"பாவம், பெத்தவ இன்னா பண்ணுவா!"

சீரியல் நேரம் வந்தது. "அம்மா, மாத்து" என்றாள் அக்காவின் மகள்.

"கம்முனு இருடி. அந்தம்மா மறுபடி வருவாங்க."

படம் முடியும்வரை அக்கா ரிமோட்டைத் தொடவில்லை. பாடகர் பாட ஆரம்பித்தபோதெல்லாம், "இவன் ஒருத்தன், நடுவுல!" என்று சலித்துக்கொண்டார்.