ஒரே கூரையில் இரண்டு கடல்

லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுப் பல்கனியில் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பக்கத்துப் பல்கனியில், அந்த வீட்டு முதியவரைப் பராமரிக்கும் செக் நாட்டுப் பெண் துணி காயப்போட்டபடி தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். மலைமேட்டில் ஒரு சின்னக் கிராமம். தேவாலயக் கூரையின் ஒரு பக்கம் விழும் மழை வடகடலுக்குப் போகுமாம், மறுபக்கம் விழுவது கருங்கடலுக்குப் போகுமாம். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவனுக்கு இது சும்மா செய்தியா? கை தளர்ந்து, வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் கம்பளம் தெருவில் போன பூசணிக்காய் வண்டிமேல் விழுந்தது.

இங்கே வீட்டுவேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் நடத்தும் எங்கள் சங்க மலருக்கு ஓர் ஊர் வரலாறு தேவைப்பட்டது. வரலாறுகளுக்குப் பஞ்சமில்லை. எந்த ஊர் முதல் பக்கத்தில் வருவது என்பதுதான் சிக்கல். முந்தைய மலர் அந்தச் சண்டையிலேயே அச்சேறாமல் போயிற்று, அதில் என் முதல் கட்டுரையும் போயிற்று. இந்த முறையாவது என் எழுத்தை அச்சில் பார்த்துவிட வேண்டும். எங்களில் ஒருவரும் பிறக்காத ஊரை எழுதினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

நம் மலர்களின் வழக்கப்படியே எழுதினேன். வடக்கே காடு, தெற்கே காடு, கிழக்கே குளம், மேற்கே அயலூர். மண்வளம்: கல். குளிர்காலம் முடிய, வயலெங்கும் புதிதாகக் கற்கள் மேலே வரும், அவற்றைப் பொறுக்கி வரம்பில் குவித்துவிட்டு உருளைக்கிழங்கு போடுவார்கள். முன்பு வீட்டுக்கு வீடு தறி இருந்தது. பிறகு அரசு காணிகளை ஒன்றாக்கி எல்லைகளை உழுதுவிட்டது. இப்போது திருப்பிக் கொடுக்கிறது, யாருடைய காணி எங்கே முடிகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ‘ஊர்ப் பெரியோர்’ பகுதிக்கு ஆள் கேட்டேன். அவள் நெடுநேரம் யோசித்து, பனியில் சறுக்கிக்கொண்டே கடிதம் கொடுத்த தபால்காரரைச் சொன்னாள். அவரைக் கல்விமான் ஆக்கினேன்.

வியாழன் பின்னேரம் எல்லா வீடுகளிலும் எங்களுக்கு ஓய்வு. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் கூட்டம். நான் வாசித்து முடித்ததும் தலைவர் முகம் மலர்ந்தது.

“காணிச் சண்டையும் கிடக்குது. அப்ப எங்கட ஆக்கள்தான், தம்பி!”

“அது ஓம்,” என்றார் செயலாளர். “ஆனா கூரையிலை எந்தப் பக்கத்து ஆக்கள் நல்ல ஆக்கள்?”

“அண்ணை, அது மழைத்தண்ணி.”

“தண்ணியெண்டாலும் பக்கம் பக்கம்தானே. கோயில் வாசல் எந்தப் பக்கம் பாக்குது?”

பொருளாளர் எழும்பினார். “வடகடலை முதல் எழுதச் சொன்னது ஆர்? கருங்கடல் என்ன குறைஞ்சு போச்சோ?”

தேநீர் வருவதற்குள் கதிரைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒருவரும் பார்த்திராத இரண்டு கடல்களுக்காக, கபோச் சந்தையில் மீன் விற்பவர்களும் போடாத சத்தம். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: “ஒரு கூரையிலை ரெண்டு கடலெண்டு நீர்தானே கதை விட்டனீர்? செய்து காட்டும். அதுக்குப் பிறகு அச்சுக்குக் குடுப்பம்.”

அடுத்த நாள் செக் பெண்ணிடம் முறையிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உடுப்புக் கிளிப்பைக் கையில் இறுக்கிக்கொண்டு, அந்தக் கூரை தங்களுடையது என்று அயலூர்க்காரரும் சொல்லித் திரிகிறார்கள், அதனால் அந்த ஊர் நடனத்துக்குத் தாங்கள் போவதில்லை என்றாள். மேற்கு எல்லையிலிருந்து அவர்களை எடுத்துவிடச் சொன்னாள்.

“மேற்கே காடு” என்று திருத்திவிட்டேன்.

வருகிற வியாழன், மா பிசைந்து மலை செய்யப்போகிறேன். உச்சியில் தீப்பெட்டித் தேவாலயம், இரண்டு பக்கமும் கேக் சுடும் தட்டுகள் இரண்டு கடல்களாக. எல்லோர் முன்னிலையிலும் கூரையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால், கட்டுரை அச்சுக்குப் போகும். ஆனால் சிஞ்ஞோராவின் தட்டுகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிது. அதற்கும் ஒரு கட்சி எழும்பும். நாளைக் காலை கபோவுக்குப் போய், ஒரே அளவில் சோடித் தட்டுத் தேடப்போகிறேன்.