அக்காவின் ஐந்து குடுவைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்து மூலையில் இருந்த பீங்கான் தொட்டியை நினைத்தால் இப்போதும் தொண்டை கமறுகிறது. நிறைய குரோமிக் அமிலம், செம்பழுப்பாகக் கிடக்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அந்தத் துறையில், எந்தக் கண்ணாடிப் பாத்திரமும் அதில் ஊறி எழுந்தால்தான் சுத்தம் என்று பேர். பழசான அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவோம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எனக்கு மூத்த ஆய்வு மாணவி ஒருவரை அக்கா என்றே கூப்பிடுவேன். சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். வினையூக்கி என்றாலே எல்லோரும் உலோகத்தைத் தேடிய காலத்தில், அக்கா புரோலின் என்கிற அமினோ அமிலத்தைச் சிட்டிகை அளவு போட்டார். நம் உடம்பிலேயே இருக்கிற சின்ன மூலக்கூறு. அடுப்பேற்றாமல், உலோகம் சேர்க்காமல், இரண்டே நாளில் வினை முடிந்தது. “இது சாக்கடைல போனாலும் ஒரு மீன் சாகாது, கேட்டியா டீ,” என்றார்.

மலையாளியான பேராசிரியர் நம்பவில்லை. “மெட்டல் இல்லாதெ இது நடக்காது, கேட்டோ. பாத்திரத்திலெ எந்தெங்கிலும் மெட்டல் ஒட்டியிருக்கும்.” உடனே அக்கா புதிதாக ஐந்து குடுவைகள் வாங்கினார். அமிலத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாமல், சோப்பும் வெந்நீரும் மட்டும் போட்டுக் கழுவித் தனி அலமாரியில் வைத்தார். பேராசிரியர் முன்னால் ஒரு முறை செய்து காட்டிவிட்டால் ஆய்வேடு எழுதலாம். இல்லையென்றால் நான்கு வருட உழைப்பு வீண்.

செய்து காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அக்கா காய்ச்சலில் வரவில்லை. உதவியாக இருக்கட்டுமே என்று அந்த ஐந்தையும் எடுத்துத் தொட்டியில் ஊறப்போட்டேன். பழகிய கை, யோசிக்கவே இல்லை. எடுத்து அலசும்போதுதான் உறைத்தது, அந்த அமிலத்தில் இருப்பதும் குரோமியம் என்கிற உலோகம்தானே என்று. திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வினை என்னவோ சொன்னபடி நடந்தது. பேராசிரியர் மிச்சமிருந்த குடுவை ஒன்றை அலசி, அந்த நீரில் சோதனைத் திரவத்தை இரண்டு சொட்டு விட்டார். லேசாக ஊதா படர்ந்தது. குரோமியம். “ஞான் பறஞ்ஞில்லே?” என்றார்.

அக்கா அந்தக் குடுவையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தொட்டியில் ஊறப்போட்டதைச் சொல்லவில்லை. என் ஆய்வேட்டுக்கும் பேராசிரியரின் கையெழுத்து வேண்டியிருந்தது. கோழைத்தனம், வேறென்ன. அந்த மாதமே அக்கா விலகி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

பின்னாளில் உலோகமில்லாத வினையூக்கி பாடமாகவே வந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை நானும் அதை நடத்தினேன். ஒவ்வொரு முறையும் பலகையில் புரோலின் என்று எழுதும்போது அந்த ஐந்து குடுவைகள்தான் நினைவுக்கு வரும்.

போன மாதம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் கூட்டத்தில் அக்காவைப் பார்த்தேன். ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொட்டித் தண்ணி எங்கயோ தெறிச்சிருக்கும், நான்தான் ஒழுங்கா கழுவலைன்னுல்லா இத்தன வருஷமும் நெனச்சிட்டு இருந்தேன்,” என்றார்.