வாரண்டிக்கு மார்கழி கிடையாது

கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சொல்லி, மாப்பிள்ளையும் பெண்ணும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மாலை மாற்றினார்களே, அந்தக் கொரோனா வருஷத்துக் கார்த்திகை. அந்த மாதக் கடைசியில்தான் வள்ளியம்மை ஆச்சி எங்கள் ஷோரூமுக்கு வந்தார்கள். எனக்குத் தேதி மனதில் நிற்காது. கல்யாணம், காய்ச்சல், மழை என்றுதான் நிற்கும்.

காரைக்குடியில் கார் விற்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு யார்டு வேலை. லாரியில் வந்து இறங்குகிற புது வண்டியை வரிசையில் நிறுத்துவது, கவர் போடுவது, டெலிவரி அன்றைக்குத் துடைத்து முன்னால் கொண்டுவருவது. அப்புறம் சர்வீஸ் வண்டிகளை வீட்டுக்குப் போய் எடுத்துவந்து, முடிந்ததும் கொண்டுபோய் விடுவது. அதற்குப் பிக்கப் டிரைவர் என்று பெயர். முன்னால் சிங்கம்புணரிப் பக்கம் நெல் லாரி ஓட்டினேன். அந்த லாரிக்கெல்லாம் ஏது வாரண்டி? வழியில் நின்றால் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை மழையில் படுத்திருந்தபோது ஒரு ஆடு வந்து என் காலடியில் ஒதுங்கிக்கொண்டது. அது வேறு கதை.

1. பில் கார்த்திகையில், வண்டி தையில்

ஆச்சி அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகியவர்கள். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, ஆக்டிங் டிரைவருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய், "நானே ஓட்டிக்கிறேன்" என்று கிளம்பியவர்கள். முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோ கியர் வண்டி கேட்டார்கள். ஒக்கூரில் ஆச்சியின் அக்கா படுத்த படுக்கையாக இருந்தார்கள். வேலைக்காரப் பெண் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார்களாம். தங்கச்சி கையால் கொடுத்தால்தான் நாலு வாய் இறங்கும். வண்டி வாங்கியதே அதற்காகத்தான்.

அப்போது சேல்ஸில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். கணக்காகப் பேசுவாள், ஆனால் பொய் பேச மாட்டாள்.

"ஆச்சி, கம்பெனி மூணு வருஷம் வாரண்டி தருது. கொஞ்சம் சேத்துக் கட்டுனா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம். கம்பெனியே தர்றது. எந்த ஊரு ஒர்க்‌ஷாப்புல காட்டுனாலும் செல்லும்."

ஆச்சியின் மகன் கண்ணப்பன் கோயம்புத்தூரில் இருந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தா, அதெல்லாம் தலையில கட்டுற வேலை. புது வண்டி எதுக்கு ரிப்பேராகுது? நீங்க ஓட்டுறது இங்கிட்டு ஒக்கூரு, அங்கிட்டு கோயிலு. அதுக்கு எதுக்கு வாரண்டி?"

ஆச்சி போனைப் பார்த்துச் சொன்னார்கள். "ஏண்டா, பந்திக்குப் பத்து எலை கூடச் சமைக்கச் சொல்றமா இல்லையா? ஆளு வரலைன்னா சமையக்காரனையா வையிறோம்? நீ போடு தாயி."

அடுத்த பேச்சு தேதி. வருஷக் கடைசித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. தை வரைக்கும் பொறுத்தால் அது போய்விடும். மார்கழியில் ஆச்சி வண்டி எடுக்க மாட்டார்கள். ஆச்சி மட்டுமா? எங்கள் பக்கத்தில் யாருமே எடுக்க மாட்டார்கள்.

"பில்லைக் கார்த்திகையிலேயே போட்டுக்க. வண்டி இங்கயே நிக்கட்டும். தை பொறந்து நல்ல நாள் பாத்து எடுத்துக்கிறேன்."

எல்லோரும் செய்வதுதான். அந்த மார்கழி முழுதும் யார்டில் அப்படிப்பட்ட வண்டிகள் வரிசையாக நின்றன, நிச்சயம் முடிந்து முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிற பெண்கள் மாதிரி. நான் அவ்வப்போது ஸ்டார்ட் போட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி வைப்பேன். காக்கை எச்சத்தோடுதான் பெரிய போராட்டம்.

தையில் ஆச்சி வந்தார்கள். எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம் எல்லாம் ஆனது. "மொத உருட்டு ரிவர்ஸா இருக்கக் கூடாதுண்ணே" என்று ஆச்சி முன்பே சொல்லியிருந்ததால் வண்டியின் மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தேன்.

"நேராப் போங்க ஆச்சி. முன்னால போறதுதான் நமக்கு" என்றேன்.

ஆச்சி சிரித்துக்கொண்டே, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனார்கள்.

2. நாலாம் வருஷத்துச் சித்திரை

முதல் மூன்று வருஷம் ஒன்றுமில்லை. சர்வீசுக்கு நாள் வந்தால் ஆச்சியே போன் போடுவார்கள். "கருப்பையாண்ணே, வண்டிய வந்து எடுத்துட்டுப் போறீகளா?" நிறையப் பேர் "வண்டி ஓடவே இல்லையே, எதுக்குச் சர்வீஸ்?" என்று விட்டுவிடுவார்கள். பெரிய வீட்டு ஷெட்டுகளில் அப்படி நிற்கிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் மாதம் ஏறும். ஆச்சி அதில் தவறியதே இல்லை.

நாலாம் வருஷம் சித்திரையில் ஏ.சி. அனலாக அடித்தது. கம்ப்ரசர் போய்விட்டது. நீட்டித்த வாரண்டியில் புதுசு மாட்டிக் கொடுத்தோம். ஆச்சி கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "பத்து எலை கூடச் சமைச்சதுல ஒரு எலைக்கு ஆளு வந்துருச்சுடா" என்றார்கள்.

ஆனால் அதே தடவை பிரேக் பேடும் பேட்டரியும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பில் வந்ததும் ஆச்சிக்குக் கோபம். செல்வி அதற்குள் சர்வீஸ் அட்வைசராக மாறியிருந்தாள்.

"அஞ்சு வருஷம் கவலை இல்லைன்னு சொன்னவ நீதானே?"

"ஆச்சி, தேயிற சாமானுக்கு வாரண்டி கிடையாது. செருப்புத் தேஞ்சா கடைக்காரன் மாத்தித் தருவானா?"

"அப்ப இதையும் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சொன்னேன் ஆச்சி. நீங்க பந்தியில இருந்தீக."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

3. பின்னால் போகாத வண்டி

போன மார்கழியில் ஒருநாள் காலையில் ஆச்சியிடமிருந்து போன். போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்குள் வண்டி ஸ்டார்ட்டில் இருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அசையவில்லை. பின் சீட்டில் ஒக்கூருக்கு எடுத்துவைத்த சாப்பாட்டு கேரியர்.

"முன்னால போறதுதான் நமக்குன்னு நீங்கதானே சொன்னீக. இது அதையே புடிச்சுக்கிருச்சு" என்றார்கள். சிரிப்பாகத்தான் சொன்னார்கள். கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

கட்டி இழுக்கிற டோ வண்டி வைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஆச்சி அசரவில்லை.

"வாரண்டி இருக்குல்ல. தையோடதானே அஞ்சு வருஷம் முடியுது?"

செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. எழுந்து போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். அவர்தான் சொன்னார்.

"ஆச்சி, வாரண்டி பில் போட்ட அன்னைக்கு ஆரம்பிச்சது. கார்த்திகையோட முடிஞ்சிருச்சு."

ஆச்சிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "நான் வண்டிய எடுத்தது தையிலல்ல?"

"எடுத்தது தை. பில்லு கார்த்திகை."

"அப்ப அந்த மார்கழி முச்சூடும் அது யாரு வண்டி? உங்க யார்டுல நின்னுச்சு. இவரு கவர் போட்டாரு. நான் தொடக்கூட இல்லையே!"

"பில்லு உங்க பேருல இருக்கே ஆச்சி. சாவி தர்றோம்னு சொன்னோம். நீங்கதான் வேணாம்னீக."

மேனேஜர் சொன்னதில் தப்பில்லை. ஆச்சி கேட்டதிலும் தப்பில்லை. நான் நடுவில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் கண்ணப்பன் போனில் வந்துவிட்டார். அவருக்கு ரொம்ப நாளாகவே அம்மா வண்டி ஓட்டுவது பிடிக்கவில்லை. கெட்ட எண்ணமில்லை, பயம்.

"இதுக்கு மேல இதுல செலவு பண்ண வேணாம் ஆத்தா. இருக்கிற நிலையிலயே வித்துருவோம். வயசும் ஆச்சு. போறதுக்கு ஒரு டிரைவர் வச்சுக்கங்க."

ஆச்சி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள். டிரைவர் கிடைக்கிற நாளில் போவது, கிடைக்காத நாளில் அக்கா பட்டினி கிடப்பது என்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

செல்விதான் மெதுவாகச் சொன்னாள். "சார், குட்வில்ல எழுதிப் பாக்கலாமா? ஒரு சர்வீஸ்கூடத் தவறாம நம்மகிட்டயே விட்ட வண்டி. முடிஞ்சும் கொஞ்ச நாள்தான ஆகுது?"

குட்வில் என்றால், வாரண்டி முடிந்தபிறகும் கம்பெனி மனமிரங்கிச் செய்வது. அது உரிமை கிடையாது. செய்தாலும் செய்வார்கள், இல்லை என்றாலும் கேட்க முடியாது. மேனேஜர் தலையாட்டினார். "எழுதும்மா. ஆனா ஆச்சி, நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

4. பஸ்ஸில் ஒக்கூர்

பதில் வர நாளானது. எனக்கு லீவு இருந்த ஒரு நாள், ஆச்சியைப் பஸ்ஸில் ஒக்கூருக்குக் கூட்டிப்போனேன். கேரியரை என்னிடம் தரமாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தார்கள். ரசம் சிந்திச் சேலையில் கறை. இறங்கும்போது முழங்கால் மடங்கவில்லை. கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அக்கா கட்டிலில் படுத்தபடியே கேட்டார்கள். "கார் சத்தம் கேக்கலையே. எதுல வந்தே?"

"பஸ்ஸுல. காரு மார்கழி விரதம் இருக்கு."

"விரதம் இருக்கிற மூஞ்சியா அதுக்கு? ரிப்பேரா?"

"ஆமா."

"வித்துறச் சொல்லுவானே உன் மகன்?"

ஆச்சி சோற்றைப் பிசைந்தார்கள். அக்கா அன்றைக்கு வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிதான் சாப்பிட்டார்கள். பஸ் ஏறி வந்தவளுக்குச் சிரமம் என்று நினைத்தார்களோ என்னவோ, "இனிமே தெனம் வராதே" என்றார்கள். வருகிற வழியெல்லாம் ஆச்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். லாரியில் எத்தனையோ பாரம் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்குப் பாதி மிச்சத்தோடு திரும்பி வந்த அந்தக் கேரியர் மாதிரி எதுவும் கனத்ததில்லை.

5. சாவி

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பதில் வந்தது. கியர்பாக்ஸைக் கம்பெனி தரும். ஆயிலும் லேபர் கூலியும் ஆச்சி கட்ட வேண்டும். செல்வி போனில் சொன்னாள். மறுமுனையில், "நெசமாவா தாயி?" என்று மட்டும் கேட்டதாம்.

வேலை முடிந்த அன்றைக்கு ஆச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் கேரியர். செல்விக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆச்சி, இன்னும் மார்கழிதான். தை பொறக்குற வரைக்கும் யார்டுலயே விட்டுறவா?"

"ஓங்கிக் குடுத்தேன்னா தெரியும். சாவியக் கொண்டா. ஒக்கூருல ஒருத்தி பசியோட கெடக்கா."

வண்டி ரிப்பேர் பார்க்கிற கொட்டகையில் மூக்கை உள்ளே வைத்து நின்றது. நான் திருப்பித் தருகிறேன் என்று ஓடினேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்தார்கள். கண்ணாடியைப் பார்த்தார்கள். ரிவர்ஸ் போட்டார்கள். வண்டி சத்தமில்லாமல் பின்னால் வந்து, அழகாக வளைந்து, கேட்டைப் பார்த்து நின்றது. மேனேஜர்கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

போவதற்கு முன் மகனுக்குப் போன் போட்டார்கள். "விக்கிறதுன்னா, என்னால ஓட்ட முடியாத அன்னைக்கு நானே சொல்றேன் அப்பு. இப்ப வையி, நேரமாகுது."

வாரண்டி நீட்டிப்பது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மூன்று வருஷத்தில் வண்டியை மாற்றிவிடுகிறவருக்கு அது வேண்டாம். கம்பெனியில் சர்வீஸ் விடாமல் தெரு முக்கில் ஆயில் மாற்றுகிறவருக்கும் வேண்டாம். வண்டியை வருஷக்கணக்கில் வைத்து ஓட்டுகிறவருக்கு, அதிலும் ஆட்டோ கியர் வைத்திருப்பவருக்கு, அது வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் முடிகிற நாளுக்கு முன்னால் வண்டியை ஒருதடவை முழுசாகக் காட்டிவிட வேண்டும். அந்த நாளும் பில்லில் இருக்கிற நாள்தான். சூடம் காட்டிய நாள் இல்லை. ஆச்சிக்கு இரங்கிய மாதிரி எல்லோருக்கும் இரங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

இந்தக் கார்த்திகையிலும் யாராவது பில் போட்டுவிட்டுத் தைக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தால், ஸ்வீட் கொடுக்க வருவார் இல்லையா, அப்போது இதையும் அவர் காதில் போட்டுவிடுங்கள்.