நான் எழுதிக்கொடுத்த அறிவித்தல்

எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளம் வரும்போது இப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வீடு ஆள் போய், கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்கு இது விளங்குவதில்லை. நல்ல ஒலிபெருக்கி இருக்க ஏன் இந்த வீண் அலைச்சல் என்று கேட்கிறார்கள். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

பாலாவியிலிருந்து புத்தளம் டவுனுக்குப் போகும் வழியில், உப்பளங்களுக்குப் பின்னால், ஒரு பள்ளத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு; ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் இரண்டு சந்துகள்தான். முன் ஒழுங்கையில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பின் ஒழுங்கையில் நாங்கள், தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து இயக்கத்தால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். அங்கே ஒரே தெருவில் இருந்தவர்கள் இங்கே ஒரே ஒழுங்கையில் வந்து சேர்ந்தோம். பள்ளக் காணி என்பதால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. மேட்டுக் காணியை யார் அகதிக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

யுத்தம் முடிந்த பிறகு ஊர் பெருத்தது. சுற்றிவர மதில்கள் எழும்பின. வசதி உள்ளவர்கள் கிரவல் மண் கொட்டித் தங்கள் வீட்டு வளவை உயர்த்திக்கொண்டார்கள். உயர்த்திய வளவின் தண்ணீர் உயர்த்தாத வளவுக்கு வந்தது. நாங்களும் இரண்டு லோட் கிரவல் போட்டோம். எங்கள் தண்ணீர் பின்வீட்டுக்குப் போனது. கடைசி வீடு என் உம்மாவுடையது. ஆகவே எல்லாருடைய தண்ணீரும் முடிவில் உம்மாவிடம்தான் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுத் தண்ணீரும் அதில் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த வீட்டை உம்மா தனியாகக் கட்டினார். வாப்பா அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். உம்மா சுபஹுத் தொழுததும் டிராக்டரில் ஏறி, எத்தாளைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குப் புல்லுப் பிடுங்கப் போவார். பின்னேரம் வந்து முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பார். கிடுகுக் கொட்டில் மண் சுவராகி, மண் சுவர் கல்லாகி, கல்லுக்கு ஓடு வர எத்தனையோ வருடங்கள் போயின. நான் கலியாணம் முடித்து அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்தேன். எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் என் மாப்பிள்ளையும் எத்தனை முறை கேட்டும் உம்மா அசையவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். அனர்த்தங்களுக்கு முகங்கொடுத்து மீண்டெழும் சமூகமாக எங்களை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். எழும்பி எழும்பியே முழங்கால் தேய்ந்துபோன சனத்துக்கு இன்னும் எழும்பக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறார்களே என்று எனக்குள் ஒரு எரிச்சல். யாராவது ஒருநாள் வந்து, கொஞ்சம் இருங்கள், இளைப்பாறுங்கள் என்று சொல்ல மாட்டார்களா என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். பாலர் பாடசாலை ஆசிரியை என்றபடியால், எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் என்று என்னை ஊர் வெள்ளக் குழுவுக்குச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள்.

பாடசாலை மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. பெரிய தாளில் எங்கள் குடியிருப்பை வரைந்து, தண்ணீர் நிற்கும் இடங்களுக்கு நீலம் தீட்டச் சொன்னார்கள். பின் ஒழுங்கையைத் தீட்டி முடிக்குமுன் நீலப் பேனை வற்றிப்போனது. எல்லாரும் சிரித்தோம், பயிற்சி கொடுத்தவரும் சிரித்தார். மழைத் தண்ணீர் ஓடும் கானை அகலமாக வெட்டித் தந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று ஒருவர் எழும்பிச் சொன்னார். அது இந்தத் திட்டத்துக்குள் வராது என்று பணிவாகப் பதில் வந்தது. பிறகு சோற்றுப் பார்சல் தந்தார்கள். நல்ல சோறு, பொய் சொல்லக்கூடாது.

முன்னெச்சரிக்கை அறிவித்தலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதை நான் ரசித்துச் செய்தேன் என்றே சொல்ல வேண்டும். சுருக்கமாக, தெளிவாக, எவருக்கும் விளங்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். வெட்டித் திருத்தி, பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினேன். “இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும். வீடுகளைப் பூட்டிவிட்டு வரவும். ஆளுக்கு ஒரு பை மட்டும் கொண்டுவரவும். பாடசாலையில் ஒன்றுகூடவும்.” பயிற்சி கொடுத்தவர் வாசித்துப் பார்த்து, மிகவும் நன்று என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கொடுத்துவைத்தேன். மண்டபத்தில் எங்கள் ஒழுங்கைப் பெரிய மனுசிகள் ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அங்கேயே ஒருத்தி எழும்பிப் போயிருப்பாள், நானும் விளங்கிக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறில் எனக்கு ஏழு வயது. கைக்குழந்தை இல்லை. ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மாரியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு கிராம சேவகர் தொலைபேசியில் பேசினார். மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள், பின்னேரத்துக்குள் தண்ணீர் வந்துவிடும், சனத்தை எடுங்கள் என்றார். நான் குடையைக்கூடப் பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு ஓடினேன். மோதினார் தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி மூன்று முறை வாசித்தார். எழுத்தெழுத்தாக, அவ்வளவு தெளிவாக.

நான் பாடசாலை வாசலில் பெயர்ப் பதிவுப் புத்தகத்தோடு நின்றேன். முன் ஒழுங்கைச் சனம் வந்தது. பிள்ளைகள், பாய்கள், ஒரு கூட்டில் கோழிகூட வந்தது. பின் ஒழுங்கையிலிருந்து ஒரு குருவியும் வரவில்லை. கேட்டிருக்காதோ என்று நினைத்தேன். அவ்வளவு சத்தத்துக்குக் கேட்காமல் இருக்குமா? புத்தகத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

ஒழுங்கைக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அதைவிட எனக்குத் திக்கென்றது வேறொன்று. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பகல் வேளையில் எங்கள் ஒழுங்கையில் கதவு சாத்தும் வழக்கமே கிடையாது. சன்னல்களும் சாத்தியிருந்தன. ஒவ்வொரு வீடாகத் தட்டினேன். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, மூச்சுக்கூடக் கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பத்து வருடமாக என் வீட்டில் சீனி இரவல் வாங்கிய பக்கத்து வீட்டு ராத்தாவும் வாய் திறக்கவில்லை.

கடைசி வீட்டில் என் குரல் கேட்டு உம்மா தாழ்ப்பாளை எடுத்தார். பெருநாளுக்கு உடுக்கும் சாரியை உடுத்திருந்தார்; திரும்பப் போய்க் கட்டிலில் இருந்துகொண்டார். தண்ணீர் கட்டில் காலை நனைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வருகிறது, எழும்புங்கள் என்றேன். உம்மா அசையவில்லை.

“மைக்கில சொன்னத ஆர் எழுதினது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ரெண்டு மணித்தியாலம். பூட்டிட்டு வாங்க. ஒரு பை. பள்ளிக்கூடத்துக்கு வாங்க. யாழ்ப்பாணத்தில அண்டைக்கும் இந்த நாலையும்தான் சொன்னாங்க மகள். வேறொண்டும் சொல்லேல்ல.”

நான் அப்படியே தண்ணீருக்குள் நின்றேன். வாகனத்தில் கட்டிய ஒலிபெருக்கி, வெயில், கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போன உம்மாவை வாப்பா இழுத்துக்கொண்டு வந்தது, எல்லாம் அப்போதுதான் திரும்பி வந்தன. அந்த நாலு சொல்லும் எனக்குள் எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது. சுருக்கமாக எழுது என்றதும், தெளிவாக எழுது என்றதும், வேறு எங்கும் தேடாமல் அதை எடுத்து எழுதிக்கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. உம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், முழங்கால் வருத்தம், நீந்தவும் தெரியாது. இது ஆட்கள் இல்லை, தண்ணீர்தான், இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று மன்றாடினேன். அண்டைக்கும் இரண்டு நாளென்றுதான் வந்தோம் என்றார் உம்மா. யுத்தம் முடிந்து நாங்கள் யாழ்ப்பாணத்து வீட்டைப் பார்க்கப் போனபோது கூரை இல்லை, கதவு இல்லை, கதவு நிலைகூட இல்லை. குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. உம்மா அதன் நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ் போய்விடும், வா என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை.

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது என் பொறுமை போய்விட்டது. நீங்கள் மௌத்தானால் இந்த வீட்டை நான் என்ன செய்வது என்று கத்திவிட்டேன். உம்மா கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

“நீ இதில இரு,” என்றார். “வீட்டில ஆள் இருந்தா நான் போறன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. குழுவின் செயலாளர் நான். எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அதே கையால் எழுதியவள். ஆனால் எனக்குக் களைத்துவிட்டது, தண்ணீருக்கோ களைப்பில்லை. ஓம் என்றேன்.

மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஓட்டோவை ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து உம்மாவைத் தூக்கினார். வாசலில் உம்மா திரும்பிப் பார்த்து, பூட்டாதே என்று மட்டும் சொன்னார். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு யார் பூட்டுவார்கள் என்று நான் முணுமுணுத்தேன்.

உம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதைச் சன்னல் இடுக்கால் பார்த்திருக்க வேண்டும். ராத்தா முதலில் கதவைத் திறந்து, வீட்டில் யார் என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகன் உள்ளே நிற்க, ராத்தா பேத்திகளோடு இறங்கினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. முதியவர்களும் பிள்ளைகளும் போனார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் நின்றோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. இரண்டு நாள் பயிற்சியில் வராத திட்டம் கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டது.

இரண்டு நாள் உம்மாவின் மேசை மேல் கதிரையைப் போட்டு, அதன் மேல் இருந்தேன். அலுமாரி மிதந்து, சரிந்து, மெல்லப் படுத்துக்கொண்டது. ஒழுங்கையில் நின்றவர்கள் வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துக்கொண்டோம். ராத்தாவின் மகன் மட்டும் பாட்டுப் பாடித் தொலைத்தான். வீரம் ஒன்றும் இல்லை. பயமும் பசியும்தான் இருந்தது. இவ்வளவுக்கும் காரணமான உம்மா மேல் கோபமும், என் மேல் அதைவிடக் கோபமும் இருந்தது. ஒரு கட்டத்தில் எல்லாம் போய், படுக்க ஒரு காய்ந்த இடம் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் களப்பு மீனவர்களின் தோணியில் பேக்கரிப் பாணும் தண்ணீர்ப் போத்தலும் வந்தன. பதிவு எடுக்க ஓர் உத்தியோகத்தரும் வந்திருந்தார். என்னை மேசை மேல் கண்டதும் அவர் முகம் சிவந்தது. நீங்களே இப்படிச் செய்தால் சனத்துக்கு யார் சொல்வது என்று ஏசினார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அன்றைக்குத் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வெளியேற மறுத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் என் பெயரை எழுதிக்கொண்டார். எங்களைப் போடுவதற்கு அவருடைய தாளில் வேறு தலைப்பு இல்லை. நான் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் தண்ணீர் வடிந்தது. சேறு முழங்கால் மட்டத்துக்கு நின்றது. பாய், அரிசி, தையல் மெசின், உம்மா எத்தாளைக்குப் போய் உழைத்த காலத்தில் வாங்கிய கதிரைகள், ஒன்றும் மிஞ்சவில்லை. கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. உம்மா வருமுன் கொஞ்சமாவது கழுவி வைப்போம் என்று வாளியை எடுத்தேன், எடுத்த கையோடு வாசல் படியில் இருந்துவிட்டேன். அதற்கு மேல் எழும்ப முடியவில்லை.

அப்போதுதான் உம்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைத்து வைத்து ஒழுங்கைக்குள் வந்தார். ஐயோ, எல்லாம் போயிற்றே என்று ஒப்பாரி வைப்பார் என்று பயந்தேன். உம்மா சுவரைப் பார்க்கவில்லை, சரிந்து கிடந்த அலுமாரியைப் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, சேறு பிடித்த என் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

“திரும்பி வந்தா வீட்டில ஆள் இருக்கிறத இண்டைக்குத்தான் மகள் கண்டன்,” என்றார்.